சஷ்டி விரதமும் ஆட்டோஃபேஜியும்: எம்.எஸ். உள்ளவர்களுக்கு நல்லதா?

ஈசூன் வாசகி | 9 அக்டோபர் 2025, இரவு 9.12

கந்த சஷ்டி வருகிறது. குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. 16 மணி நேரம் பட்டினி கிடந்தால் ஆட்டோஃபேஜி, அதாவது செல் தன் குப்பையைத் தானே தின்று செரிப்பது, தொடங்கிவிடுமாம், மூளை தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளுமாம், எம்.எஸ்., பார்கின்சன், அல்சைமர் மூன்றும் பின்வாங்குமாம், இதற்கு நோபல் பரிசே கொடுத்துவிட்டார்களாம். கீழே வழக்கம்போல "லங்கணம் பரம ஔஷதம்" (பட்டினியே சிறந்த மருந்து). மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் (எம்.எஸ்., நரம்பிழையைப் போர்த்திய மைலின் உறையை உடலின் நோயெதிர்ப்பே தாக்கும் நோய்) உள்ள ஒருவர் ஆறு நாளும் விரதம் இருக்கலாமா? ஆட்டோஃபேஜி கூடுவது அவருக்கு நல்லதா, கெட்டதா? ஒரே வரியில் சொன்னாலும் போதும்.

மேசை எண் 4 | 9 அக்டோபர், இரவு 10.40

ஒரு வரி: எந்தச் செல் என்று சொல்லாமல் நல்லது, கெட்டது சொல்ல வழியில்லை.

நோபல் விஷயம் முதலில். 2016-இல் யோஷினோரி ஓசுமிக்குக் கொடுத்தது உண்மை. ஈஸ்ட் செல்லில் இந்த வேலையை நடத்தும் மரபணுக்களைக் கண்டுபிடித்ததற்காகக் கொடுத்தார்கள். பட்டினி போட்டது ஈஸ்ட்டை. 'ஆட்டோஃபேஜி' என்ற பெயரை அவருக்கு வெகுமுன்பே, 1963-இல், கிறிஸ்தியான் த டூவ் வைத்துவிட்டார். '16 மணி' என்ற கணக்கு இருவர் வேலையிலும் கிடையாது. உயிரோடு இருக்கும் ஒருவரின் மூளையில் ஆட்டோஃபேஜி எவ்வளவு நடக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ மருத்துவமனைப் பயன்பாட்டில் இல்லை. அளக்கவே முடியாததற்கு மணிக்கணக்கு எங்கிருந்து வந்தது?

அது மட்டுமல்ல. 2004-இல், ஆட்டோஃபேஜி நடக்கும் இடத்தில் திரளும் எல்சி3 புரதம் பச்சையாக ஒளிரும்படி மரபணு மாற்றிய சுண்டெலிகளைப் பட்டினி போட்டுப் பார்த்தார்கள். ஈரல், தசை, இதயம் எல்லாவற்றிலும் பச்சைப் புள்ளிகள் பெருகின. மூளையில் பெருகவில்லை. உடம்பு பட்டினி கிடக்கும்போது மூளைக்குச் சோறு போட்டுக் காப்பதுதான் மற்ற உறுப்புகளின் வேலை.

மருந்தக முனை | 10 அக்டோபர், காலை 7.25

விஞ்ஞானத்தை அவர் சொல்லட்டும். விரதம் தொடங்கும் முன் பார்க்க வேண்டியது மருந்துப் பெட்டியை.

எம்.எஸ்.ஸுக்கு டைமெத்தில் ஃப்யூமரேட் எடுப்பவர்கள்: முதல் 7 நாள் 120 மில்லிகிராம், பிறகு 240, தினம் இரண்டு வேளை. வெறும் வயிற்றில் போட்டால் முகம் சிவந்து எரியும், வயிற்றைப் புரட்டும். ஒருவேளை உணவு விரதத்தில் ஒரு டோஸ் நிச்சயம் வெறும் வயிற்றில் விழும். பலர் அதைத் தாங்க முடியாமல் மாத்திரையையே விட்டுவிடுகிறார்கள். தவறு அங்கேதான் நடக்கிறது.

பார்கின்சனுக்கு லெவோடோபா: இது நேர்மாறு. வெறும் வயிற்றில் நன்றாகவே ஏறும், புரதம்தான் இதற்குப் போட்டி. பருப்பும் தயிரும் சேர்ந்த பெரிய ஒருவேளைச் சாப்பாட்டோடு போட்டால் அந்த வேளை மருந்து ஏறாமல் போகலாம். விரதம் என்று லெவோடோபாவைத் திடீரென நிறுத்தவே கூடாது. உடல் விறைத்து, காய்ச்சல் ஏறி, நினைவு தடுமாறும் ஆபத்தான நிலை வரலாம்.

கூடவே சர்க்கரை நோய் இருந்தால் இன்சுலின், சல்ஃபோனைல்யூரியா, 'ஃப்ளோசின்' என்று முடியும் மாத்திரைகள் எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லி மாற்றிய பிறகே விரதம். முதல் இரண்டிலும் சர்க்கரை சட்டென்று இறங்கும். மூன்றாவதில் சர்க்கரை அளவு சரியாகத் தெரிந்தாலும் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிவிடலாம்.

மேசை எண் 4 | 10 அக்டோபர், இரவு 11.05

நேற்று எழுதியதைத் திருத்த வேண்டும். 2004 சுண்டெலி முடிவோடு நிறுத்தியது அரைக்கதை. 2010-இல் வேறு ஒரு குழு 24, 48 மணி நேரப் பட்டினியில் சுண்டெலியின் பெருமூளைப் புறணியிலும் சிறுமூளையின் பர்கின்ஜி செல்களிலும் ஆட்டோஃபேகோசோம்கள் (செல்லின் குப்பையைச் சுற்றிக் கட்டும் சவ்வுப் பைகள்) கூடுவதைக் காட்டியது. ஆகவே "மூளையில் நடக்கவே நடக்காது" என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் 24 மணி நேரம் பட்டினி கிடந்த சுண்டெலி தன் எடையில் கணிசமான பங்கை இழந்துவிடும். நமக்கு இரவு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு மறுநாள் மதியம் சாப்பிடுவது அதற்குச் சமமே அல்ல.

அளப்பதில் உள்ள சிக்கலுக்கு நம் சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கின் குப்பைக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் குப்பையைப் பையில் கட்டுவது ஆட்டோஃபேகோசோம். குழாய் வழியாகக் கீழே போய், லாரி ஏறி, எரியாலைக்குப் போவது லைசோசோமோடு, அதாவது செல்லின் செரிமானப் பையோடு, இணைவது. எரிந்த பின் மிஞ்சும் சாம்பல் செமக்காவ் தீவுக்குப் போகிறது. நரம்பணுவிலும் எரியாத மிச்சம் உண்டு, லிப்போஃபஸ்சின் என்ற மஞ்சள் பழுப்பு நிறமி. மற்றச் செல்கள் பிரியும்போது அதைப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளும். நரம்பணு பிரிவதில்லை, ஆயுள் முழுக்கச் சேர்த்துக்கொண்டே போகிறது.

இப்போது கேள்வி: வாசலில் பத்துப் பை நிற்கிறது. வீட்டார் சுறுசுறுப்பாகக் கட்டினார்களா, கீழே குழாய் அடைத்துக்கொண்டதா? பைகளை மட்டும் எண்ணினால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

அல்சைமர் மூளையில் இதுதான் பார்க்கக் கிடைத்தது. 2005-இல் மின்நுண்ணோக்கியில், வீங்கிய நரம்பு இழைகளுக்குள் ஆட்டோஃபேகோசோம் வகைப் பைகள் நெருக்கிக்கொண்டு கிடந்தன. முதலில் "ஆட்டோஃபேஜி அதிகமாகிவிட்டது" என்றே தோன்றும். அடைப்பு கீழ்முனையில், லைசோசோமில், என்ற விளக்கம்தான் பிறகு வலுத்தது. அடைத்த குழாய்க்கு மேலே இன்னும் பை கட்டச் சொன்னால் என்ன ஆகும்?

பிஎச்டி தம்பி | 12 அக்டோபர், பகல் 3.18

அண்ணே, அப்படியானால் ஆய்வகக் கேள்வி. மைலின் கட்டும் ஒலிகோடெண்ட்ரோசைட் செல்களில் ஒரு கூட்டுப்பொருள் போட்டால் வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதத்தைப் பட்டையாகப் பிரித்துக் காட்டும் சோதனை) எல்சி3-II (பையில் ஒட்டிய எல்சி3) பட்டை தடிக்கிறது. எல்சி3-II / எல்சி3-I (பையில் ஒட்டாதது) விகிதம் மூன்று மடங்கு. ஆட்டோஃபேஜி கூடியது என்று எழுதலாமா?

மேசை எண் 4 | 12 அக்டோபர், இரவு 9.50

எழுதாதீர்கள் தம்பி. பைகளை எண்ணியிருக்கிறீர்கள், லாரி போனதா என்று பார்க்கவில்லை. நான்கு கிணறு (செல் வளர்ப்புத் தட்டின் குழி) வேண்டும்: ஒன்றும் போடாதது, கூட்டுப்பொருள் மட்டும், பாஃபிலோமைசின் ஏ1 மட்டும், இரண்டும் சேர்ந்தது. பாஃபிலோமைசின் 100 நானோமோலார், 2 முதல் 4 மணி நேரம். இரவு முழுக்க விடக் கூடாது, செல்லே சாகத் தொடங்கும், அப்புறம் எதை அளந்தோம் என்றே தெரியாது. பாஃபிலோமைசின் லைசோசோமின் அமிலத்தைத் தடுக்கும், அதாவது வேண்டுமென்றே குழாயை அடைக்கிறோம். இரண்டும் சேர்ந்த கிணறு, பாஃபிலோமைசின் மட்டும் போட்டதைவிடத் தடித்தால் கட்டும் வேகம் உண்மையில் கூடியிருக்கிறது. இரண்டும் ஒரே தடிப்பு என்றால் உங்கள் பொருள் பெரும்பாலும் கீழ்முனையை அடைக்கிறது. அதுவும் ஒரு கண்டுபிடிப்புதான், ஆனால் நீங்கள் எழுத நினைத்ததற்கு நேர் எதிரானது.

விகிதத்தைக் கைவிடுங்கள். எல்சி3-I மிகவும் பொறுமையற்றது: மாதிரியை உறையவைத்து உருக்கினாலே சிதையும். ஆன்டிபாடிகளும் I, II இரண்டையும் ஒரே அளவில் பிடிப்பதில்லை. எல்சி3-II-வை, எல்லாக் கிணற்றிலும் ஒப்பீட்டு அளவாக வைக்கும் ஆக்டின் புரதத்தோடு ஒப்பிடுங்கள். ஜெல் 15 சதவீதம், அல்லது 4–20 கிரேடியன்ட். சவ்வு 0.2 மைக்ரான் பிவிடிஎஃப். 0.45 போட்டால் 14 கிலோடால்டன் புரதம் ஓட்டை வழியே ஓடிவிடும், பிறகு ஆன்டிபாடியைத் திட்டிப் பயனில்லை. இன்னொன்று: எல்சி3-II-வில் கொழுப்பு மூலக்கூறு ஒட்டியிருப்பதால் எடை கூடுதல், ஆனாலும் ஜெல்லில் அதுதான் கீழே ஓடும், 14 அருகே. I மேலே, 16 அருகே. புதியவர்கள் பட்டையை மாற்றிப் படிப்பது இங்கேதான்.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் சிவப்பு, பச்சை இரண்டும் சேர்ந்த இரட்டை எல்சி3. பச்சை அமிலத்தில் அணைந்துவிடும், சிவப்பு தாங்கும். மஞ்சள் புள்ளி இன்னும் வாசலில் நிற்கும் பை, சிவப்புப் புள்ளி எரியாலைக்குள் போனது.

மேசை எண் 4 | 12 அக்டோபர், இரவு 10.15

விட்டுப்போனது. வளர்ப்பு ஊடகத்தைப் பாருங்கள். ஊடகத்தில் சேர்க்கும் பி27 கலவையில் இன்சுலின் இருக்கிறது. இன்சுலின் எம்டாரை (செல்லை வளரச் சொல்லும் புரதம்) முடுக்கும், எம்டார் ஆட்டோஃபேஜியைப் பிடித்து நிறுத்தும். புதுப் பி27 ஊற்றிய அன்றும் மூன்று நாள் பழசான அன்றும் அடிப்படை அளவு வேறாக வரலாம். எல்லாக் கிணற்றுக்கும் ஒரே நேரத்தில் ஊடகம் மாற்றுங்கள்.

பிஎச்டி தம்பி | 14 அக்டோபர், காலை 11.02

நன்றி அண்ணே. பி62 (குப்பையைப் பையோடு இணைக்கும் புரதம்) அளவையும் துணைக்கு வைத்துக்கொள்ளலாமா? ஆட்டோஃபேஜி நடந்தால் பி62 குறையும் என்று படித்தேன்.

நரம்பியல் குறிப்பு | 14 அக்டோபர், இரவு 8.30

தம்பியின் கேள்விக்கு மேசை அண்ணன் வருவார். அதற்குள் முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். எம்.எஸ்.ஸில் செல்லுக்குச் செல் கதை மாறுகிறது என்றாரே, அதைப் பிரித்துச் சொல்கிறேன்.

டி செல் (எம்.எஸ்.ஸில் தாக்கும் நோயெதிர்ப்புச் செல்): 2009-இல் ஆட்டோஃபேஜிக்குத் தேவையான ஏடிஜி5 மரபணுவின் வெளிப்பாடு ஈஏஈ சுண்டெலிகளின் (எம்.எஸ்.ஸுக்கு மாதிரியாக உருவாக்கும் நோய்) டி செல்களிலும், எம்.எஸ். உள்ளவர்களின் மாதிரிகளிலும் கூடுதலாகக் காணப்பட்டது. தாக்கும் செல்லின் ஆயுளை ஆட்டோஃபேஜி நீட்டிக்கிறது என்றால் அங்கே அது நமக்கு நண்பன் அல்ல. டென்ட்ரிடிக் செல் (டி செல்லுக்கு இலக்கைக் காட்டிக்கொடுப்பது): அதில் மட்டும் ஏடிஜி7 என்ற இன்னொரு ஆட்டோஃபேஜி மரபணுவை நீக்கினால் ஈஏஈ தணிந்தது.

மைலின் உறையைக் கட்டும் ஒலிகோடெண்ட்ரோசைட்டில் நேர்மாறு. அங்கே ஆட்டோஃபேஜியை நிறுத்தினால் பழைய மைலின் உறையைக் கழித்துப் புதுப்பிக்க முடியாமல் வயதான சுண்டெலிகளின் நரம்பிழை கெடுகிறது. ஆறேழு வருடமாகப் பல ஆய்வகங்கள் இதைத் தனித்தனியே காட்டியிருக்கின்றன.

எனக்கு மிக முக்கியமாகத் தெரிவது மைக்ரோக்ளியா, மூளையின் துப்புரவுச் செல். மைலின் சிதைந்த இடத்தில் கிடக்கும் துணுக்குகளை அள்ளாவிட்டால் புது மைலின் கட்ட வரும் முன்னோடிச் செல் முதிர்வதில்லை. துணுக்கே அதைத் தடுக்கிறது. 2020 ஆய்வில் மைக்ரோக்ளியாவிலிருந்து ஏடிஜி7-ஐ நீக்கினார்கள். விழுங்கிய மைலின் செல்லுக்குள்ளேயே தேங்கி, சுண்டெலிகள் ஈஏஈயிலிருந்து மீளவில்லை. வயதான சாதாரணச் சுண்டெலிகளின் மைக்ரோக்ளியாவும் அதே நிலையில் இருந்தது. ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையைக் கொடுத்ததும் அந்த முதிய சுண்டெலிகள் மைலினை அள்ளின, நோய் தணிந்தது. 2018-இலேயே காரணத்தில் ஒரு பங்கு தெரிந்திருந்தது: மைலினில் கொலஸ்ட்ரால் அதிகம், முதிய மைக்ரோக்ளியா அதை வெளியேற்ற முடியாமல் உள்ளே படிகமாக உறையவிடுகிறது.

ஒரே உடம்பில் ஒரு செல்லில் கூட்ட வேண்டும், இன்னொன்றில் கூட்டக் கூடாது. வாய்வழி போகும் எதற்கும் இந்தப் பாகுபாடு தெரியாது.

ஈசூன் வாசகி | 14 அக்டோபர், இரவு 9.04

அக்கா, ட்ரெஹலோஸ் காளானில் இருக்கிறதாமே? பவுடராகவும் விற்கிறார்கள். அதைச் சாப்பிட்டால்?

மருந்தக முனை | 14 அக்டோபர், இரவு 9.31

குடல் சுவரில் ட்ரெஹலேஸ் என்ற நொதி காத்திருக்கிறது. ட்ரெஹலோஸ் ஒன்றை இரண்டு குளுக்கோஸாக உடைத்துவிடும். நீங்கள் வாங்குவது விலை கூடிய சீனி. இதைத் தவிர்க்கத்தான் ஏஎல்எஸ் (தசையை இயக்கும் நரம்பணுக்கள் சிதையும்) நோய்க்கான சோதனையில் நரம்பு வழியாக, எடைக்கு ஏற்ப ஒரு கிலோவுக்கு 0.75 கிராம் வீதம் வாரம் ஒரு முறை ஏற்றினார்கள். 60 கிலோ எடைக்கு 45 கிராம். 2024-இல் முடிவு வந்தது: முதன்மை இலக்கு எட்டவில்லை.

நரம்பியல் குறிப்பு | 15 அக்டோபர், காலை 6.50

நேற்று எழுதியதில் ஒரு முக்கிய நுணுக்கத்தை விட்டுவிட்டேன், அதுதான் விரதக் கேள்விக்கு நேரடி விடை. அதே 2020 ஆய்வில் மைக்ரோக்ளியாவிலிருந்து, ஆட்டோஃபேஜியைத் தொடங்கிவைக்கும் யூஎல்கே1-ஐ நீக்கியும் பார்த்தார்கள். ஒன்றும் கெடவில்லை. பட்டினி ஆட்டோஃபேஜியைத் தொடுவது எந்த வழியாக? ஆற்றல் குறைந்ததும் அதை உணரும் ஏஎம்பிகே நொதி எழும், எம்டார் அடங்கும், இரண்டும் போய்ச் சேருவது யூஎல்கே1 வாசலில். மைலின் துணுக்கை அள்ளும் வேலை அந்த வாசல் வழியாகவே போகவில்லை. அது வெளியிலிருந்து விழுங்கியதை லைசோசோமுக்குக் கொண்டுபோகும் தனித்தடம், ஏடிஜி7 போன்ற சில கருவிகளை மட்டும் கடன் வாங்குகிறது. ஆக, "பட்டினி கிடந்தால் மூளைக் குப்பை போகும்" என்ற வாக்கியம் எம்.எஸ்.ஸுக்கு மிகவும் தேவையான இடத்திலேயே இடறுகிறது.

மேசை எண் 4 | 15 அக்டோபர், இரவு 10.22

அக்கா சொன்ன யூஎல்கே1 விஷயம் இந்த இழையிலேயே மிகக் கனமான வரி.

ராப்பமைசின் பற்றியும் ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார், இங்கேயே எழுதுகிறேன். ஈஸ்டர் தீவு மண்ணின் நுண்ணுயிரிலிருந்து வந்த மருந்து, எம்டாரை அடக்கும். 2004-இல் ஹன்டிங்டன் நோய் மாதிரி ஈக்களிலும் சுண்டெலிகளிலும் நச்சுப் புரதத் திரள்களைக் குறைத்தது. ஈஏஈயையும் தணிக்கிறது. ஆனால் ஈஏஈயில் கிடைக்கும் பலனை, தாக்கும் செல்களைக் கட்டுப்படுத்தும் வகை டி செல்களின் கணக்கிலும், நோயெதிர்ப்பை அடக்கும் கணக்கிலும்தான் முதலில் வரவு வைக்க வேண்டும். இன்னொரு பக்கம், ஒலிகோடெண்ட்ரோசைட் முதிர்ந்து மைலின் கட்ட எம்டார் தேவை. ஆட்டோஃபேஜிக்காக எம்டாரை அடக்கினால் மைலின் கட்டுமானத்தின் மேஸ்திரியையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்புகிறோம்.

பி62: தம்பி, துணைக்கு வைக்கலாம், தனியாக நம்பக் கூடாது. ஆட்டோஃபேஜி பி62-ஐத் தின்னும், சரி. ஆனால் என்ஆர்எஃப்2 (செல்லின் தற்காப்பு மரபணுக்களை இயக்கும் புரதம்) எழுந்தால் செல் புதிதாகப் பி62 செய்யத் தொடங்கும். தின்ற அளவும் செய்த அளவும் ஒரே பட்டையில் கலந்து வரும். ஆர்என்ஏ அளவையும் கூடவே பாருங்கள்.

மருந்தக முனை | 18 அக்டோபர், பகல் 1.40

இருமல் மருந்து அம்ப்ராக்சால் பற்றிக் கடையில் கேட்கிறார்கள். அடிப்படை உண்டு: ஜிபிஏ1 மரபணுவில் பிழை உள்ளவர்களுக்குப் பார்கின்சன் வாய்ப்பு அதிகம், அந்த மரபணு செய்யும் நொதி லைசோசோமில் வேலை செய்வது, அம்ப்ராக்சால் அந்த நொதிக்கு முட்டுக் கொடுக்கிறது. அதாவது பை கட்டச் சொல்லாமல் எரியாலையைப் பழுதுபார்க்கும் அணுகுமுறை. அது எனக்குச் சரியான திசையாகத் தெரிகிறது. ஆனால் 2020-இல் வெளியான சிறு ஆய்வில் கொடுத்தது நாளைக்கு 1,260 மில்லிகிராம், மூன்று வேளை 420 வீதம். இருமல் மாத்திரை ஒன்று 30 மில்லிகிராம். நாளைக்கு 42 மாத்திரை ஆகிறது. கண்காணிப்பு இல்லாமல் வீட்டில் யாரும் இதைச் செய்ய வேண்டாம். பிரிட்டனில் பெரிய மூன்றாம் கட்டச் சோதனை நடக்கிறது, அதன் முடிவு வரட்டும்.

அவசரம் என்ன செய்யும் என்பதற்கு லித்தியம் சாட்சி. 2008-இல் ஒரு சிறு ஆய்வு, லித்தியம் ஆட்டோஃபேஜியைத் தூண்டி ஏஎல்எஸ் நோயை மெதுவாக்குகிறது என்றது. உலகெங்கும் நோயாளிகள் தாங்களாகவே எடுத்தார்கள். அடுத்தடுத்த முறையான சோதனைகளில் பலன் இல்லை.

நரம்பியல் குறிப்பு | 19 அக்டோபர், மாலை 5.15

ஆட்டோஃபேஜியை அடைக்கும் மருந்தும் எம்.எஸ்.ஸில் சோதிக்கப்பட்டது என்பதையும் சேர்க்கிறேன். ஹைட்ராக்சிகுளோரோகுயின், லைசோசோமின் அமிலத்தைக் குறைப்பது. தொடக்கத்திலிருந்தே படிப்படியாக மோசமாகும் வகை எம்.எஸ். உள்ள 35 பேருக்கு நாளைக்கு 400 மில்லிகிராம். 2021-இல் வந்த முடிவில், மோசமானவர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு, ஆகவே இதை வைத்து மருந்து எழுத முடியாது. ஆனால் 'ஆட்டோஃபேஜி = நன்மை' என்று நினைப்பவர் இதை எங்கே வைப்பார்?

விரதத்தில் நன்மையே இல்லை என்பதல்ல என் வாதம். சுண்டெலிகளில் விட்டுவிட்டுப் பட்டினி போட்டது ஈஏஈயைத் தணித்திருக்கிறது, குடல் நுண்ணுயிர்கள் மாறியது அதில் ஒரு காரணம். 2019-இல் முதிய எலிகளில் பட்டினியும் மெட்ஃபார்மினும் மைலின் முன்னோடிச் செல்களின் முதுமையைத் தளர்த்தின. இங்கே எலி வேறு, சுண்டெலி வேறு, மனிதர் வேறு. அதையெல்லாம் 'ஆட்டோஃபேஜி' என்ற ஒரே பையில் கட்டிவிடுவதைத்தான் எதிர்க்கிறேன்.

ஈசூன் வாசகி | 19 அக்டோபர், இரவு 8.47

அப்படியானால் நடைமுறைக்கு: எம்.எஸ். நிலையாக இருக்கிறது, ஒருவேளை சோறு, மற்ற நேரம் பால், பழம் என்று இருந்தால்?

நரம்பியல் குறிப்பு | 19 அக்டோபர், இரவு 9.30

பக்திக்காக இருக்கலாம், சிகிச்சைக்குப் பதிலாக இருக்கக் கூடாது. பால், பழ விரதம் பெரும்பாலோர் தாங்குவது. தண்ணீர் கூடக் குடிக்காத விரதம் வேண்டாம். நம் ஊர் வெயிலில் உடல் சூடு அரை டிகிரி ஏறினாலே பழைய தழும்பு உள்ள நரம்பில் சிக்னல் தடைபட்டுப் பார்வை மங்கும், கால் தளரும். உத்தாஃப் நிகழ்வு என்பார்கள், உடல் குளிர்ந்தால் தணியும். எம்.எஸ்.ஸில் சிறுநீர்ப்பை தொந்தரவு உள்ளவர்கள் ஏற்கெனவே தண்ணீரைக் குறைத்துக் குடிப்பவர்கள். மேலும் குறைத்தால் சிறுநீர்த் தொற்று வரும், தொற்றின் காய்ச்சலில் புது அட்டாக் போலவே அறிகுறிகள் கிளம்பும். அது புது அட்டாக்கா என்று தெரியும் முன் ஸ்டீராய்டு கேட்டு ஓடக் கூடாது, முதலில் சிறுநீர்ப் பரிசோதனை.

பாதத்தில் மரப்பு இருந்தால் தைப்பூசத்துக்குப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை வெறுங்காலோடு நடப்பதை யோசியுங்கள். தார்ச் சாலை சுடுவது அந்தப் பாதத்துக்குத் தெரியாது, கொப்புளம் வந்த பிறகு கண்தான் சொல்லும். சாலை சூடேறும் முன், விடியலுக்கு முந்தைய நேரத்தில் போகலாம்.

பிஎச்டி தம்பி | 27 அக்டோபர், இரவு 11.48

நான்கு கிணறும் ஓடிவிட்டன. கூட்டுப்பொருள் + பாஃபிலோமைசின், பாஃபிலோமைசின் மட்டும்: இரண்டும் ஒரே தடிப்பு. அடைப்புதான் அண்ணே. அடுத்து நோயாளிகளின் ரத்தச் செல்களில் பார்க்கச் சொல்கிறார்கள்.

மேசை எண் 4 | 28 அக்டோபர், காலை 7.10

நல்லவேளை, எழுதும் முன் தெரிந்தது. பாஃபிலோமைசின் கிணறு ஏற்கெனவே உச்சத்தில் நின்றதா என்றும் ஒரு முறை பாருங்கள். குறைந்த அளவிலும் நேரத்திலும் ஓட்டி, எம்டாரை அடக்கி ஆட்டோஃபேஜியைக் கூட்டும் டோரின்1 250 நானோமோலாரைச் சாட்சியாக வையுங்கள். டோரினோடு பட்டை ஏறுகிறது, உங்கள் பொருளோடு ஏறவில்லை என்றால் சந்தேகம் தீர்ந்தது.

ரத்தத்துக்கு: உறையவைத்த மாதிரியில் பை கட்டி எரிக்கும் ஓட்டத்தை அளக்க முடியாது. எடுத்த ரத்தத்தை உடனே இரண்டாகப் பிரித்து, ஒன்றில் லைசோசோமை அடைக்கும் குளோரோகுயின் போட்டு, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, பிறகுதான் செல்களைப் பிரிக்க வேண்டும். டைமெத்தில் ஃப்யூமரேட் எடுப்பவர்களைத் தனியே பிரியுங்கள். அந்த மருந்து வேலை செய்வதே என்ஆர்எஃப்2-ஐ எழுப்பி, ஆகவே அவர்களின் பி62 உங்களைக் குழப்பும். சஷ்டி முடிந்த வாரம் வேறு. ஒவ்வொரு குழாயின் மேலும் மூன்றை எழுதுங்கள்: மருந்தின் பெயர், கடைசி டோஸ் போட்ட நேரம், கடைசியாகச் சாப்பிட்ட நேரம்.